டெல்டாவில் வீடு கட்டுபவர்களுக்கு: மனையை அல்ல, வீட்டை உயர்த்துங்கள்

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. மாவட்ட அளவில் அதைக் கலெக்டர்கள் நடத்துகிறார்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றுக்குத் தடை போட்டது. ஆனால் நஞ்சை மனைப்பிரிவாவதை அது நேரடியாகத் தடுப்பதில்லை. அதனால் திருவாரூரிலும் சீர்காழியிலும் கொள்கை நிஜமாவது மனை வாங்குபவர், மனை போடுபவர், மேஸ்திரி ஆகியோர் கையில்தான். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மழைத்தண்ணீர் இங்கிருந்து எந்த வழியாகப் போகும்?

மனையைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். டெல்டா வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாசன வாய்க்கால் ஒன்று, மிகுதித் தண்ணீரைக் கொண்டுபோகும் வடிகால் ஒன்று. மனை போடுபவர்கள் தூர்ப்பது பெரும்பாலும் வடிகாலைத்தான். கோடையில் அது வெறும் பள்ளமாகக் காய்ந்து கிடப்பதால் யாரும் கேட்பதில்லை. சர்வே எண்ணை வைத்துப் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) எடுங்கள். வாய்க்கால், குளம், புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும் துண்டுகள் மனைப்பிரிவு வரைபடத்தில் அப்படியே இருக்கின்றனவா, அல்லது ரோடாக மாறியிருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

மனை போடுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் ஏறத்தாழ 44 செ.மீ. பெய்தது. ஒரு ஏக்கரில் அது சுமார் 17.8 லட்சம் லிட்டர். அந்த ஏக்கரில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவாக விட்டு, அதை ரோட்டைவிட 60 செ.மீ. தாழ்வாக அமைத்தாலும் 2.4 லட்சம் லிட்டர்தான் நிற்கும். மீதி வடிகாலில்தான் போயாக வேண்டும். அதனால் பூங்காவை மிகத் தாழ்ந்த மூலையில் வையுங்கள். ரோடு குறுக்கிடும் இடத்தில் வடிகாலின் முழு அகலத்துக்கும் சிறுபாலம் கட்டுங்கள். ஒன்றரை அடிக் குழாயைப் புதைத்து முடித்தால் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும், மேல்புறத்து வயல் மூழ்கும். கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலையேற்ற நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாமல் பின்வாங்கும். எனவே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

அடுத்து தரைமட்டம். பக்கத்து வீடுகளில் 2008 நிஷா புயலிலும் 2022 மழையிலும் தண்ணீர் ஏறிய கோட்டைக் கேட்டுக் குறியுங்கள். தண்ணீர் நிரப்பிய குழாயால் (டியூப் லெவல்) அந்த மட்டத்தை உங்கள் மனையில் நட்ட கம்பத்துக்கு மாற்றுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பும். அந்தக் கோட்டுக்கு மேல் 60 செ.மீ. உயரத்தில் வீட்டுத் தரை வரட்டும். முற்றமும் தோட்டமும் இயல்பான மட்டத்திலேயே இருக்கட்டும். மனை முழுவதையும் மண்ணடித்து உயர்த்தினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அவரும் உயர்த்துவார், தெருவே தொட்டியாகும். மீட்டர் பெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், செப்டிக் டேங்க் மூடி எல்லாம் வெள்ளக் கோட்டுக்கு மேல்தான்.

டெல்டாக் களிமண் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் உப்பும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆழமில்லாத கடைக்கால் இங்கே நிற்காது. மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொன்னால் அடியில் குமிழ் விரித்த பைல் (துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண்) போடுங்கள், பொதுவாக 3.5 மீட்டர் ஆழம் போகும், குமிழின் விட்டம் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. மேலே வரும் பீமுக்கும் தரைக்கும் இடையே 80 மி.மீ. காலியாக விட வேண்டும். மேஸ்திரி பழக்கத்தில் அதை மண் போட்டு அடைத்துவிட்டால், உப்பும் களிமண் பீமையே தூக்கும். வீட்டுத் தரைக்கு அடியிலும் தோண்டிய களிமண்ணைத் திருப்பிக் கொட்டாதீர்கள். கிராவலை 15 செ.மீ. அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திம்மிசு போடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் கம்பியைக் கொல்வது உப்பு. கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு எம்30 தரம், கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 45 மி.மீ., தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள். ஸ்லாக் சிமெண்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) நல்லது. மனையிலேயே போட்ட போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலக்காதீர்கள். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் கலந்து உப்புத் தண்ணீரில் நனைத்தாலும் கெடுதல்தான்.

மழைநீர் சேகரிப்புக்குக் கசிவுக்குழி தோண்டினால் களிமண்ணில் அது நிரம்பி அப்படியே நிற்கும், கொசுதான் மிஞ்சும். கீழே மணல் படிவு இருந்தால் மட்டும் குழி, இல்லையென்றால் தொட்டி. மண்ணுக்குள் புதைக்கும் தொட்டியிலும் ஒரு ஆபத்து உண்டு. வெளியளவு 2.4 × 2.4 × 2 மீட்டர், சுற்றிலும் 15 செ.மீ. கான்கிரீட் என்றால் 7,500 லிட்டர் பிடிக்கும். காலித் தொட்டியின் எடை சுமார் 10 டன். நிலம் ஊறியிருக்கும்போது அதை மேலே தள்ளும் விசை 11.5 டன். காலியாக இருந்தால் மிதந்து எழும்பும், குழாய்கள் முறியும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 30 செ.மீ. நீட்டுங்கள், மேலே ஏறும் மண்ணே அதை அழுத்திப் பிடிக்கும். மழைக்காலத்தில் கழுவுவதற்காகக்கூட முழுதும் காலி செய்ய வேண்டாம்.

வெயிலுக்கு: மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதியுங்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளுக்கு மத்திய அரசின் எக்கோ நிவாஸ் விதி, திறக்கும் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். அதைப் பாதியாகவே கணக்கில் எடுங்கள்.