ஜன்னலைச் சாத்தினால் மலேரியா கொசு வராதா?

பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் மலேரியாவை அதிகம் பரப்பும் அனோபிலஸ் காம்பியே கொசுவிடம் இது பலிக்காது. சுவரில் முட்டினால் அது மேல்நோக்கிப் பறக்கும். சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் சந்து இருந்தால் அதுதான் அதற்கு வாசல். காற்று வரட்டும், புகை போகட்டும் என்று நாமே விட்டுவைத்த சந்து!

சரி, அதை அடைத்துவிடலாமே? அடைக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. காம்பியா நாட்டில் சோதனை வீடுகள் கட்டிப் பார்த்தார்கள். புல் வேய்ந்த வீட்டில் சந்தை அடைத்ததும் கொசு வெகுவாகக் குறைந்தது. அதே மாதிரி சந்தை அடைத்து, தகரக்கூரை போட்ட வீட்டில், கதவு சரியாகப் பொருந்தாதபோது கொசு அதைவிட அதிகமாக வந்தது. உள்ளே தூங்குபவர்கள் விடும் கரியமில வாயு போக வழியில்லாமல் சேர்ந்து, கதவின் மேலும் கீழும் உள்ள இடுக்கு வழியாகக் கசிகிறது. கொசு ஆளைத் தேடி வருவது அந்தத் தடத்தைப் பிடித்துத்தான். போதாததற்கு வெக்கை வேறு. புழுக்கம் தாங்காமல் கொசுவலையை ஒதுக்கிவிட்டுத் தூங்குபவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அதனால் ஜன்னலை மூடுவதைவிட, வலையடித்துத் திறந்து வைப்பதே மேல். எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தால் காற்று நன்றாக ஓடும். கதவு நிலையோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வீட்டுக்குள்ளும் கொசு குறைவாகவே வருகிறது, ஆனால் அது எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல.

வீட்டைச் சரிசெய்தாயிற்று, இனி கொசுவலை எதற்கு என்று சுருட்டி வைப்பது இன்னொரு தவறு. காம்பியாவிலேயே 800 குடும்பங்களை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், மருந்திட்ட வலையோடு வீட்டையும் சீர்செய்து கொடுத்த குழந்தைகளுக்கு, வலை மட்டும் பெற்றவர்களைவிட மலேரியா குறையவில்லை. என் கணக்கில் முதலில் வலை, அப்புறம்தான் வீடு.

அடுத்து, சுவர். இரத்தம் குடித்துக் கனத்த கொசு உடனே தூரம் போகாது, பெரும்பாலும் பக்கத்துச் சுவரிலேயே உட்கார்ந்து செரிக்கும். சுவரில் மருந்தடிப்பது அதற்காகத்தான். மருந்தடித்த கையோடு வெள்ளையடித்தால் மருந்து சுண்ணாம்புக்கு அடியில் போய்விடும். வெள்ளையடிப்பதானால் முன்பே முடித்துவிடுங்கள். மருந்து சுவர் முழுக்கப் படும்படி பீரோவையும் பெட்டிகளையும் முன்கூட்டியே சுவரைவிட்டு நகர்த்தி வையுங்கள்.