பூமிக்குள் இறங்கும்போது ஈர்ப்பு குறைகிறதா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

புவியீர்ப்பு அளவீட்டுப் பணியில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களின் கணக்கேடுகளைப் புரட்டும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கணக்கேட்டையே மீண்டும் படிப்பது போலிருக்கிறது. அலகை மாற்ற மறப்பது, ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. விடை வந்ததுமே அவற்றை அவர்களே கண்டுகொள்வார்கள். பார்வைக்குச் சரியான விடையைத் தந்துவிட்டு ஆளை ஏமாற்றும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

தலைக்கு மேலுள்ள பாறையின் இழுப்பைக் கழிப்பது

கழிக்கக் கூடாது. நமக்கு மேலுள்ள பாறை பூமியைச் சுற்றியுள்ள ஓர் ஓட்டின் பகுதி; சீரான கோள ஓட்டுக்குள் இருக்கும் பொருளின் மீது அந்த ஓட்டின் நிகர ஈர்ப்பு சுழி என்பதை நியூட்டன் 1687-லேயே நிறுவிவிட்டார்.

பாடநூல் சூத்திரத்துடன் சுரங்கத்துக்குள் இறங்குவது

ஆழத்தை ஆரத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் ஈர்ப்பு எவ்வளவு குறையும் என்பது கிடைக்கும் என்று பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். ‘பூமி முழுவதும் ஒரே அடர்த்தி கொண்டது எனக் கொள்வோம்’ என்ற நிபந்தனை மட்டும் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறது.

எனக்கும் மறந்திருந்தது. நானூறு மீட்டர் ஆழமுள்ள ஒரு சுரங்கத்தில் முதன்முறையாகத் தனியாக அளவெடுத்தபோது, சூத்திரப்படி அடித்தளத்தில் ஈர்ப்பு ஏறத்தாழ 62 மில்லிகேல் (ஒரு மில்லிகேல் என்பது மீ/வி²-இல் லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்திருக்க வேண்டும். கருவியோ 33 மில்லிகேல் அதிகம் என்றது. மில்லிகேலின் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறியும் கருவி 95 மில்லிகேல் தவறாகக் காட்டுமா என்று ஒரு நொடிகூட யோசிக்காமல், சுருள்வில் பழுதாகிவிட்டது என்று அறிக்கை எழுதி, அதைப் பெட்டியில் கட்டிச் சரிபார்ப்புக்கு அனுப்பிவிட்டேன். பதினெட்டு நாள்கள் கழித்து, ‘பழுது ஏதுமில்லை’ என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் கருவி திரும்பி வந்தது. அதற்குள் சுரங்கத்துக்குள் இறங்க எங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதி காலாவதியாகிவிட்டது. இன்றும் அந்தக் குறிப்பை நினைத்தால் எரிச்சல் வருகிறது. எரிச்சல் கருவியின் மீதன்று.

கணக்கு மிக எளிது. கீழே இறங்கும்போது இரண்டு விளைவுகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. மையத்தை நெருங்குவதால் ஈர்ப்பு, ஆழத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைப் போல இருமடங்கு கூடுகிறது. மேலே விட்டுவந்த ஓடு கணக்கிலிருந்து நீங்குவதால் அதே விகிதத்தைப் போல மும்மடங்கு குறைய வேண்டும்; ஆனால் அந்த ஓடு பூமியின் சராசரி அடர்த்தியைக் கொண்டிருந்தால்தான் அப்படி. பூமியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.5 கிராம்; மேலோட்டுப் பாறையின் அடர்த்தியோ 2.7, அதாவது பாதிக்கும் குறைவு. ஆகவே இழப்பு ஒன்றரை மடங்கோடு நின்றுவிட, கூடுதல் வென்றுவிடுகிறது. நிற்கும் இடத்துப் பாறையின் அடர்த்தி, அதற்குக் கீழுள்ள கோளத்தின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவாக இருக்கும்வரை, இறங்க இறங்க ஈர்ப்பு ஏறும்.

இதை நான் படித்திருக்கவே வேண்டும். 1854-இல் ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரி, இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் அருகிலுள்ள ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் மேலே ஓர் ஊசலையும் சுமார் 380 மீட்டர் ஆழத்தில் இன்னோர் ஊசலையும் ஆடவிட்டு ஒப்பிட்டார். கீழே ஆடிய ஊசல் நாளொன்றுக்கு இரண்டேகால் விநாடி முந்தியது. அதைக் கொண்டு அவர் கணித்த பூமியின் சராசரி அடர்த்தி 6.57, இன்றைய மதிப்பைவிட அதிகம்தான், ஆனால் ஈர்ப்பு ஏறுகிறது என்ற திசையில் பிழையில்லை.

அந்த ஏற்றம் மையம்வரை தொடரும் என எண்ணுவது

முந்தைய தவறைத் திருத்திக்கொண்டவர்கள் அடுத்து விழும் குழி இது. நிலநடுக்க அலைகளை அடிப்படையாகக் கொண்டு டிசிவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் 1981-இல் வெளியிட்ட பூமி மாதிரியின்படி, மேற்பரப்பில் 9.8 மீ/வி² ஆக உள்ள ஈர்ப்பு முடுக்கம், மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கான மூடகத்தின் மேற்பகுதியில் 10-ஐத் தொட்டு, பிறகு நெடுந்தூரம் ஏறக்குறைய மாறாமல் சென்று, 2,891 கிலோமீட்டர் ஆழத்தில், மூடகமும் பூமியின் நடுவிலுள்ள இரும்புக் கருவமும் சந்திக்கும் எல்லையில், 10.7 என்ற உச்சத்தை அடைகிறது. அங்கிருந்து மையம்வரை இறக்கம்தான். 5,150 கிலோமீட்டரில் உட்கருவம் தொடங்கும்போது எஞ்சியிருப்பது சுமார் 4.4.

ஆழத்தோடு ஈர்ப்பு மாறும் பூமியின் வளைகோட்டை நிலவுக்கும் வரைவது

நிலவின் கருவம் மிகச் சிறியது; அதனால் அதன் அடர்த்தி பெரும்பாலும் சீரானது. பாடநூல் சூத்திரம் அங்கே ஓரளவு பொருந்தும்.

மையத்தில் ஈர்ப்பு சுழி என்றால் அழுத்தமும் சுழி என்பது

மையத்தில் எடை இருக்காது. ஆனால் அதற்கு மேலே 6,371 கிலோமீட்டர் தடிமனுக்கு எடையுள்ள பொருள் அடுக்கடுக்காக அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 36 லட்சம் மடங்கு.

பூமியின் மையம் வழியே போகும் துளையில் மறுபக்கம் விழ 42 நிமிடம் என்பது

அது சீரான அடர்த்தி கொண்ட பூமிக்கு. உண்மையான அடர்த்தியைப் போட்டுக் கணித்தால் 38.