என்ஜினைப் பிரிக்கும் முன் ஓர் அட்டை எடுத்து வையுங்கள்

புதுச்சேரியில் கடலோர விடுதி ஒன்று கழித்துப்போட்ட கோல்ஃப் வண்டியின் பெட்ரோல் என்ஜினை வீட்டுத் திண்ணையில் பிரித்துக் கோத்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோலை வடித்த பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். உப்புக்காற்றில் இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்துவிடும். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட அட்டைதான் எனக்குக் கைகொடுத்தது. மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் துளையிட்டுச் செருகுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே நீளம்தான், அளந்தால் வேறுபடும். நீள போல்ட் ஆழமில்லாத துளைக்குள் போனால் அலுமினிய உடலே விரிசல் விடும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு பொருத்துபவை டைமிங் பற்சக்கரங்கள்; அவற்றைக் கழற்றும் முன்பே, அவற்றிலுள்ள குறிகளைப் படம் எடுத்துவிடுங்கள்.

திரும்பக் கோக்கும்போது பிஸ்டன் ரிங்குகளின் (பிஸ்டனைச் சுற்றி அமரும் வளையங்களின்) வாய்கள், அதாவது வளையத்தின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள், ஒரே நேராக நிற்கக் கூடாது. மூன்று ரிங் என்றால் 120 பாகை தள்ளித் தள்ளி வையுங்கள். சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்கை (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டை) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.