வீட்டுப் பட்டறையில் கிதார் கழுத்து செய்தல்

கிதாரின் கழுத்தைக் கையால் செய்ய முனைபவர், கருவிகளைத் தேடும் முன் நன்கு உலர்ந்து அடங்கிய மரத்தைத் தேட வேண்டும். கொங்கு நாட்டில் பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தேக்கு உத்திரங்களும் நிலைக்கால்களும் இதற்கு மிகவும் ஏற்றவை. பல்லாண்டுகள் காய்ந்த அந்தத் தேக்கு, புதிதாக அறுத்த பலகையைப்போல் எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை. 700 மி.மீ. நீளம், 75 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனத்தில், கணுவும் ஆணித்துளையும் இல்லாத துண்டாகப் பாருங்கள். பலகையின் நுனியில் தெரியும் ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ரேகை பக்கவாட்டில் ஓடி வெளியேறும் மரம், தந்திகளின் இழுவையில் என்றாவது விரிசல் விடும். கழுத்தின் முகத்தில் ஒட்டும், விரல்கள் தந்தியை அழுத்தும் விரல்பலகைக்கு ஈட்டி மரம் சிறந்தது. அதைப் பில்லோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

சித்திரை வெயிலில் சுருங்கும் மரம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வரும்போது ஈரத்தை உறிஞ்சிச் சற்றே உப்பும். ஆகையால் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக அறுத்து, சில வாரங்கள் பட்டறையிலேயே காற்றாட வைத்து, அதன் பிறகே இழைப்புளியால் முகத்தைச் சமப்படுத்துங்கள். தந்திகளின் இழுவைக்கு ஈடுகொடுத்துக் கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் உலோகக் கம்பியான டிரஸ் ராடுக்கான பள்ளத்தை, பலகையின் ஓரங்கள் நேராக இருக்கும் இந்தக் கட்டத்திலேயே வெட்டிவிட வேண்டும். கழுத்து கூம்பிய பின் அளவெடுக்க நேரான ஓரம் இருக்காது.

விரல்பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களின் இடத்தைக் குறிப்பதில்தான் வாத்தியத்தின் சுதி அடங்கியிருக்கிறது. தந்தியின் நீளம் 648 மி.மீ. எனக் கொண்டால், அதை 17.817ஆல் வகுக்க முதல் ஃப்ரெட் 36.37 மி.மீ.இல் விழும், எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்துக் கூட்டினால் இரண்டாவது 70.70 மி.மீ.இல் விழும். பன்னிரண்டாவது சரியாக 324இல் வந்தால் கணக்கு சரி. குறிக்கும்போது, ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளக்காமல், எல்லாவற்றையும் நட்டிலிருந்தே, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் சிறு பட்டையிலிருந்தே, அளக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொன்றிலும் நேரும் மயிரிழைப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். பென்சில் கோடு தடிமனானது. கூர்மையான கத்தியால் மூலைமட்டத்தை அணைத்துக் கீறுங்கள். சாதாரண ரம்பத்தின் வெட்டு அகலம் மிகுதி என்பதால், ஃப்ரெட் இறங்கும் காடிகளை அறுக்க 0.6 மி.மீ. வெட்டும் மெல்லிய ரம்பம் தேவை.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த உடனேயே பசை தடவி, விரல்பலகையை வைத்துக் கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள்.

பின்புறத்தைச் செதுக்கும் முன் கணக்குப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் மொத்தக் கனம் 21 மி.மீ. என்றால், விரல்பலகைக்கு 6, பள்ளத்துக்கு 9 போக, நடுவில் எஞ்சுவது 6 மி.மீ. மட்டுமே. முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் வளைவை முதலில் முடித்து, இடைப்பகுதியை மர அரத்தால் இணைப்பதே பாதுகாப்பான முறை. அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய மேட்டைக் கை காட்டிக்கொடுக்கும்.

ஃப்ரெட்களை அடித்து இறக்கிய பின், அவற்றின் தலைகளைச் சமப்படுத்த முழு நேரான பட்டை வேண்டும். கோவை லேத் பட்டறை ஒன்றில் இரும்புப் பட்டையின் முகத்தைத் துல்லியமாகச் சமமாக்கும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து வாங்கி, உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். தந்தி பூட்டிய பிறகு, ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஏறத்தாழ 0.25 மி.மீ. இடைவெளி தெரியும்வரை டிரஸ் ராடைக் கால் திருகாகத் திருப்பி, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள்.