வேர்டில் தாளைத் தாண்டி ஓடும் அட்டவணையை உள்ளே கொண்டுவருவது எப்படி?

எங்கள் குடியிருப்பின் வரவு செலவுக் கணக்கை எக்செலில் இருந்து எடுத்து வேர்டில் ஒட்டினேன். 11 நெடுவரிசைகளில் 7 மட்டுமே தெரிந்தன. மற்றவை தாளின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டன. கோடுகளை மவுஸால் பிடித்து இழுத்ததில் அரை மணி நேரம் வீண். ஒன்றைச் சுருக்கினால் பக்கத்தில் இருப்பது வீங்கியது. நீங்கள் இழுக்க வேண்டாம்.

முதலில் வியூ போய் ட்ராஃப்ட் என்பதை அழுத்துங்கள். ஒளிந்திருக்கும் நெடுவரிசைகள் தெரியும். எதுவும் அழியவில்லை என்று நிம்மதியாகலாம். பார்த்துவிட்டு பிரின்ட் லேஅவுட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்து, அட்டவணைக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கிளிக் செய்யுங்கள். மேலே வலதுபக்கம் புதிதாக ஒரு லேஅவுட் முளைக்கும். எப்போதும் இருக்கும் லேஅவுட் வேறு, இது வேறு. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். புதியதில் ஆட்டோஃபிட், அதற்குள் ஆட்டோஃபிட் விண்டோ. பெரும்பாலும் இந்த ஒரு கிளிக்கிலேயே அட்டவணை ஓரங்களுக்குள் அடங்கிவிடும்.

அடங்கவில்லையா? ரைட் கிளிக் செய்து டேபிள் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். பிரிஃபர்டு விட்த் என்பதை டிக் செய்து, அளவைப் பர்சன்ட் ஆக்கி 100 கொடுங்கள். இன்டென்ட் ஃப்ரம் லெஃப்ட் 0 ஆக இருக்கட்டும். அங்கேயே ஆப்ஷன்ஸ் உள்ளே, உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறச் சொல்லும் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்: இடைவெளியே இல்லாத நீண்ட இணைய முகவரியோ, 'பராமரிப்புச்செலவுகளுக்கான' போன்ற நம் நீளச் சொல்லோ வந்தால் அது நெடுவரிசையையே அகட்டிவிடும். டிக்கை எடுத்தபின் சொல் கண்ட இடத்தில் உடையலாம். பொருத்தமான இடத்தில் நீங்களே பிரித்து எழுதுவது நல்லது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் மிச்சம் 15.92 செ.மீ. அதை 11 ஆகப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஒன்றரை செ.மீ.கூட வராது. அதில் தமிழ்ச் சொல் எங்கே உட்காரும்? எழுத்தை 7 புள்ளிக்குக் குறைத்து வாசிப்பவரை வதைப்பதைவிடத் தாளைத் திருப்பிவிடலாம்.

அந்தப் பக்கத்தை மட்டும் திருப்ப, அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். பழைய லேஅவுட்டின் மார்ஜின்ஸ் பட்டியலில் கடைசியாக இருக்கும் கஸ்டம் மார்ஜின்ஸைத் திறந்து, லேண்ட்ஸ்கேப்பைத் தேர்ந்து, கீழே அப்ளை டு என்ற இடத்தில் செலக்டட் டெக்ஸ்ட் என்று மாற்றி ஓகே கொடுங்கள். இதை மாற்ற மறந்தால் மற்ற பக்கங்களும் சேர்ந்து படுத்துவிடும். அப்படி ஆனால் கன்ட்ரோல் இசட் இருக்கிறது. சரியாக வந்தால் 24.62 செ.மீ. கிடைக்கும்.

அப்புறம், அட்டவணை அடுத்த பக்கத்துக்கும் நீண்டால், முதல் வரிசையில் கிளிக் செய்து, புதிய லேஅவுட்டில் ரிப்பீட் ஹெடர் ரோஸ் அழுத்துங்கள். தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தானாக வரும்.