சிங்கப்பூரில் 55-க்கு மேல் ஈரறை வீடா? குத்தகைக் கணக்கை முதலில் போடுங்கள்

வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) ஈரறை ஃபிளெக்ஸி வீட்டை 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் குறுகிய குத்தகையில் வாங்கலாம். 15 முதல் 45 ஆண்டு வரை, ஐந்தைந்தாக ஏறும். ஆண்டு குறைந்தால் விலையும் குறையும்.

பலர் சறுக்குவது வயதுக் கணக்கில். கணவன், மனைவி இருவருக்குமே குறைந்தது 95 வயது வரை குத்தகை இருக்க வேண்டும். ஆகவே இளையவர் வயதை வைத்துக் கழியுங்கள். கணவருக்கு 68, மனைவிக்கு 63 என்றால் 95-இல் 63 போக 32. எடுக்க வேண்டியது 35. கணவர் வயதை மட்டும் பார்த்து 30 போதும் என்று பணத்தை ஒதுக்கினால் துண்டு விழும்.

இந்த வீட்டுக்கு வீட்டுக்கடன் இல்லை. மசேநி (மத்திய சேம நிதி, CPF), ரொக்கம் இரண்டையும் கூட்டி முழு விலையும் கட்ட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் தனி, அதற்கும் எடுத்து வையுங்கள்.

வெளிச்சந்தையில் விற்க முடியாது, முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. காலி செய்தால் வீவகவிடமே ஒப்படைத்து, மிச்சக் குத்தகைக்கான மதிப்பைப் பெறலாம். பிள்ளைகளுக்குச் சொத்தாக விட நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

வாங்கும்போதே குளியலறைக் கைப்பிடிக் கம்பிகளைக் கேட்டுவிடுங்கள். ஓடு பதித்தபின் துளைப்பது வீண் வேலை.