மார்ச் மாதத்தில் பள்ளிக்கு வராதீர்கள்: ஐ.டி. நிறுவனத் தொண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் ஒரு மின்னஞ்சல் சுற்றத் தொடங்கும். இந்த ஆண்டுக்கான தன்னார்வப் பணி நேரத்தை மார்ச் 31-க்குள் முடித்துவிடுங்கள் என்று மனிதவளத் துறை நினைவூட்டும். அடுத்த சில நாட்களில் சோழிங்கநல்லூரிலும் பெரும்பாக்கத்திலும் கேளம்பாக்கத்திலும் உள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களின் கைப்பேசி ஓயாமல் அடிக்கும். “வருகிற வெள்ளிக்கிழமை அறுபது பேர் வருகிறோம் சார், ஏதாவது வேலை கொடுங்கள்.”

பள்ளிக்கு அது எப்படிப்பட்ட நேரம்? பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மார்ச் தொடக்கத்தில் பிளஸ் 2 பொதுத்தேர்வு, அதையொட்டியே பத்தாம் வகுப்புத் தேர்வு. பள்ளி தேர்வு மையமாகவும் இருந்துவிட்டால் வெளியாட்கள் வளாகத்துக்குள் வருவதே சிக்கல். தேர்வு எழுதாத வகுப்புகளுக்கும் பாடம் முடிக்கிற அவசரம். அந்த வாரத்தில் இரண்டு பேருந்துகளில் அறுபது பேர் வந்து இறங்கினால், அவர்களை வரவேற்கவும் மேற்பார்க்கவும் நான்கைந்து ஆசிரியர்கள் வகுப்பை விட்டு வெளியே வர வேண்டும். தலைமை ஆசிரியரால் வேண்டாம் என்று எளிதில் சொல்லவும் முடியாது. கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நாளை அதே நிறுவனத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.

நிறுவனத் தொண்டில் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. உதவி என்பது பெறுபவரின் தேவைப்படி நடக்காமல், கொடுப்பவரின் நாட்காட்டிப்படி நடக்கிறது. பள்ளியில் பணி செய்ய விரும்பும் நிறுவனம் ஜூன் மாதமே தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சந்திக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியில் எது இல்லை என்பதை நிறுவனத்தின் எந்த அதிகாரியைவிடவும் அந்தத் தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் பள்ளிகளின் தேவைகளை அறிந்து உதவலாம்.

சட்டத்தின் மீது பழி போடாதீர்கள்

மார்ச் நெருக்கடிக்குக் காரணம் கேட்டால், சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வரும். அது சரியில்லை. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆனால், பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டமாக அதை இயக்குநர் குழு ஏற்றிருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். மார்ச் கடைசி வாரத்தில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பணத்தைத் தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை. திட்டமிடாதவர்களுக்குத்தான் அந்த அவசரம்.

இன்னொரு குழப்பம், ஊழியர்களின் நேரத்தைப் பற்றியது. ஆயிரம் பேர் தலா எட்டு மணி நேரம் பணி செய்தார்கள், அதைச் சம்பளக் கணக்கில் பெருக்கினால் இத்தனை லட்சம், அதையும் 2 சதவீதத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. சேர்க்க முடியாது. ஊழியர்கள் பங்கேற்பதை ஊக்குவிக்கலாம், ஆனால் அவர்கள் இலவசமாகச் செய்யும் பணியைப் பணமாக மதிப்பிட்டுச் செலவுக் கணக்கில் காட்டக்கூடாது என்று நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஊழியர்களின் சம்பளத்திலிருந்து திரட்டிய நன்கொடையும் நிறுவனத்தின் செலவு ஆகாது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலையும், விளம்பரத்துக்காகத் தரும் நிதியாதரவும் கணக்கில் வரா.

ஒரே சுவருக்கு மூன்று வண்ணம்

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புவோம். காலை பத்தரைக்குப் பேருந்து வருகிறது. எல்லோருக்கும் நிறுவனப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட். பேனர் கட்டவே அரை மணி நேரம். மாணவர்கள் வெயிலில் வரிசையாக நிற்க, வரவேற்புரை. பிறகு வகுப்பறைச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, காய்ந்த பிறகு அடிக்க வேண்டிய வேலை. அதற்கு நேரம் ஏது? பழைய வண்ணத்தின் மேலேயே அடிக்கிறார்கள். அந்தப் பழைய வண்ணம் போன ஆண்டு இன்னொரு நிறுவனம் அடித்தது. அதற்கடியில் அதற்கு முந்தைய நிறுவனத்தின் கார்ட்டூன் பொம்மை. மதியம் பிரியாணிப் பொட்டலம், குழுப் புகைப்படம், மூன்று மணிக்குப் பேருந்து கிளம்புகிறது. முதல் மழையில் சுவர் உரிகிறது.

வந்தவர்களில் தரவுத்தளம் வடிவமைப்பவர்கள் இருப்பார்கள், கணக்குத் தணிக்கை தெரிந்தவர்கள் இருப்பார்கள், இணையப் பாதுகாப்பில் பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டு, சுவருக்கு வண்ணம் அடித்துப் பிழைக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியை இல்லாமல் செய்வது எனக்குக் கோபம் தரும் விஷயம். அதே பகுதியில் உள்ள தொண்டு நிறுவனம் தன் பயனாளிகளின் விவரங்களை நான்கு எக்செல் கோப்புகளில் வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருக்கும். மூன்று பேர், வாரம் இரண்டு மணி நேரம், ஆறு மாதம் உட்கார்ந்தால் அதைச் சீர்செய்துவிடலாம். அந்த வேலையில் குழுப் புகைப்படம் கிடைக்காது. அதனாலேயே யாரும் அதைத் திட்டமிடுவதில்லை.

தொழில் அறிவை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. இந்திய மென்பொருள் துறையின் முன்னோடி எஃப்.சி. கோலியின் முயற்சியில் டிசிஎஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கணினிவழி எழுத்தறிவுத் திட்டம் முதலில் தெலுங்கில் வந்தது, பிறகு தமிழிலும் பிற மொழிகளிலும் விரிந்தது. எழுத்து எழுத்தாகக் கற்பிக்காமல் அன்றாடச் சொற்களைக் கண்டறியும் முறையில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய கணினிகளிலும் ஓடும்படி மென்பொருளை எழுதினார்கள். கூலி வேலைக்குப் போய்விட்டு மாலையில் வரும் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் இருக்கும், ஊரில் எப்படிப்பட்ட கருவி கிடைக்கும் என்பதிலிருந்து யோசித்தால்தான் இப்படி ஒன்று பிறக்கும்.

நேரத்தை மட்டும் எண்ணும் வழக்கமும் இதில் சேர்ந்தது. மொத்த மணிக்கணக்கை ஆண்டறிக்கையில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றால், முந்நூறு பேரை ஒரே சனிக்கிழமையில் கடற்கரைக்கு அழைத்துப்போவதுதான் சுலபமான வழி. மதிப்பீட்டுப் படிவத்தில் தன்னார்வப் பணிக்கும் மதிப்பெண் என்றால், வருபவர்களில் பாதிப் பேர் மேலாளருக்காக வருவார்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்தி அழைத்து வந்தால் அது குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும். வாராவாரம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக வாக்களித்துவிட்டு, புராஜெக்ட் வெளியீடு வந்ததும் மூன்றாவது வாரமே காணாமல் போகும் அண்ணனையும் அக்காவையும் அவர்கள் பல நாள் எதிர்பார்த்திருப்பார்கள். ஆறு மாதம் வர முடியாதவரைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணிக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. அவருக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய் கேக் வெட்டிப் படம் எடுத்து இணையத்தில் போடுவது இன்னும் பெரிய தவறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். தாய் தந்தை இல்லாமல் இல்லத்தில் வளரும் பிள்ளை நாளை கல்லூரிக்கு, வேலைக்குப் போகும். கையில் தட்டோடு நிற்கும் அந்தப் படம் பெயரோடு இணையத்தில் கிடக்க வேண்டுமா? பள்ளிகளிலும் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் இல்லாத மடிக்கணினி

தொழில்நுட்ப நிறுவனம் என்றாலே பழைய கணினிகளைத் தானம் செய்வது வழக்கமாகிவிட்டது. நாற்பது மடிக்கணினிகள் பள்ளிக்கு வந்து இறங்கும். பெட்டியைத் திறந்தால் தரவுப் பாதுகாப்புக்காக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியிருப்பார்கள். அது நியாயமான விதிதான். ஆனால் புதியது பொருத்த யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இருபதுக்குச் சார்ஜர் இல்லை. சிலவற்றில், கணினி தொடங்கும்போதே கேட்கும் நிறுவனத்தின் பயோஸ் கடவுச்சொல் அப்படியே இருக்கிறது, இயக்கவே முடியாது. பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் அலுவலகங்களிலிருந்து பெருமளவில் வெளியேறுகின்றன. அவற்றுக்கு லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பொருத்தி, தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை அமைத்து, ஓராண்டுப் பழுதுபார்ப்புக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தால் பள்ளிக்கு அவை பெரிய வரம். ஓடாத கணினி என்றால் அது மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, நிறுவனங்கள் அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் போன்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். பள்ளியின் பூட்டிய அறை அதற்கான இடமில்லை.

பேரிடர் காலத்திலும் இதுதான் நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் பழைய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. வீட்டில் வேண்டாததைக் கொடுத்து அனுப்பினால் அதைப் பிரித்து அப்புறப்படுத்துவதே அங்கே தனி வேலையாகிவிடும்.

ஜூன் 5-ஆம் தேதி மரம் நடுவதும் நாட்காட்டித் தவறுதான். உலகச் சுற்றுச்சூழல் நாள் உலகத்துக்குப் பொருந்தலாம். சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியாத நேரம் அது. நகரத்தின் பெருமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஜூனில் நட்ட கன்றுக்கு அதுவரை தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்யாமல் குழி தோண்டாதீர்கள். செப்டம்பர் இறுதியில் புங்கம், பூவரசு, நாவல் என இந்த மண்ணுக்குப் பழகியவற்றை நடுங்கள். பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தில் மரமே நடாதீர்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அந்த நிலத்துக்கு நீரும் புல்லும் கோரையும்தான் உயிர். அங்கே செய்ய வேண்டியது குப்பை அகற்றுவதும், பறவைக் கணக்கெடுப்புக்குக் கை கொடுப்பதும்.

தொண்டு நிறுவனத்தின் சம்பளச் சீட்டு

பணம் கொடுக்கும் விதத்திலும் ஒரு தவறு உறைந்துபோயிருக்கிறது. “நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுதான் சட்டம்” என்று தொண்டு நிறுவனங்களிடம் சொல்கிறார்கள். விதியில் உள்ள 5 சதவீதம், நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்தும் பொது நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் சேராது. களப்பணியாளரின் சம்பளம், பெட்ரோல், கணக்காளர் இவை இல்லாமல் எந்தத் திட்டமும் நடக்காது. நோட்டுப் புத்தகத்துக்குக் காசு தருவோம், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்குத் தரமாட்டோம் என்றால் அந்தச் சுமை, மாதம் சொற்பச் சம்பளம் வாங்கும் களப்பணியாளரின் தலையில்தான் விழும்.

ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து நன்கொடை பிடிக்கும் திட்டம் இருந்தால், கேட்காமல் பிடித்தம் செய்துவிட்டு, வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுக்கட்டும் என்று வைக்காதீர்கள். ரசீது ஊழியரின் பெயரில் வர வேண்டும். பலரும் 80ஜி என்று அறிந்த, நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு, புதிய வரி முறையைத் தேர்ந்த ஊழியருக்குக் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, வெளியேறும் விதம். திட்டத்துக்கான மூன்று ஆண்டுகள் முடிந்ததும், அல்லது நிறுவனத்தில் பொறுப்பாளர் மாறியதும், பல பணிகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகின்றன. நிறுவனச் செலவில் வந்துகொண்டிருந்த கணினி ஆசிரியருக்கு ஜூனில் சம்பளம் இல்லை என்பது மே மாதக் கடைசியில்தான் தெரியவரும். குறைந்தது ஓராண்டு முன்பே சொல்லிவிட்டால் பள்ளி வேறு வழி தேடிக்கொள்ளும். இடமாறுதல் கலந்தாய்வில் தலைமை ஆசிரியரும் மாறிப்போகலாம். ஆகவே என்ன கொடுத்தீர்கள், எதுவரை தருவதாகச் சொன்னீர்கள், பழுதானால் யாரை அழைப்பது என்பதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.